ஏக்கம் என்று சொல்வதற்கு முன்

வளர்ப்புப் பிராணிகள்: வாசகர் கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவர் பதில்

"சாப்பாட்டைத் தொடவில்லை" என்று ஒரே வாரத்தில் நான்கு கடிதங்கள். நான்கும் ஒரு வயதுகூட நிறையாத நாய்களைப் பற்றியவை. நான்கு வீட்டாரிடமும் கடிதம் கிடைத்த அன்றே தொலைபேசியில் பேசிவிட்டேன். இதழ் அச்சாகி உங்கள் கைக்கு வர மூன்று வாரம் ஆகும்; பட்டினி கிடக்கும் குட்டி அதுவரை தாங்காது. அவர்களுடைய சம்மதத்தோடு, பேசியவற்றை இங்கே எழுதுகிறேன்.

கேள்வி: மதிப்பிற்குரிய டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எங்கள் வீட்டில் ஒன்பது மாத ஆண் சிப்பிப்பாறை இருக்கிறான். பெயர் வீரன். ஐம்பது நாள் குட்டியாக வந்ததிலிருந்து என் மகள்தான் வளர்த்தாள். காலையில் கம்பஞ்சோறும் மோரும், இரவில் சோறும் வேகவைத்த கோழியும் ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிடுவான். மகள் கல்லூரி விடுதிக்குப் போய் ஒரு வாரம் ஆகிறது. அவள் போன நான்காம் நாளிலிருந்து வட்டிலைத் தொடுவதில்லை. மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். அவளுடைய கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறான். கறிக்குழம்பு, பால், பிஸ்கட் எல்லாம் வைத்துப் பார்த்துவிட்டோம். தண்ணீர் மட்டும் கொஞ்சம் குடிக்கிறான். வாந்தி, கழிச்சல் எதுவும் இல்லை. தொலைபேசியில் மகளின் குரலைக் கேட்கவைத்தோம். வாலை ஆட்டினான், ஆனால் எழுந்திருக்கவில்லை. பக்கத்து வீட்டு அண்ணாச்சி, "ஏக்கம்தான், பிள்ளை வந்தால் சரியாகிவிடும்" என்கிறார். மகளோ படிப்பே வேண்டாம், திரும்பி வந்துவிடுகிறேன் என்று அழுகிறாள். என்ன செய்வது?
— வாசகி, கோவில்பட்டி

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தில் இரண்டு வரிகளை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். மகள் போன முதல் மூன்று நாளும் வீரன் ஒழுங்காகச் சாப்பிட்டிருக்கிறான். பிரிவு வாட்டும் நாய் முதல் நாளே வாடும். வாசலுக்கும் அறைக்குமாக அலையும். பிறகு நாளாக ஆகத் தேறும். மூன்று நாள் நன்றாக இருந்துவிட்டு நான்காம் நாள் சாய்வது வேறு சங்கதி. இரண்டாவது, அவள் குரலைக் கேட்டு வாலை ஆட்டியவன் எழுந்திருக்கவில்லை. மனம் அவளிடம் ஓடுகிறது, உடம்பு கூட வரவில்லை. முயலைக் கண்டால் அம்பாகப் பாயும் இனம் அது. அந்த வயதில் அது கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது என்றால் எனக்குப் பயம் வந்துவிடும்.

அதனால்தான் அன்று மாலை உங்களை அந்தக் கட்டிலுக்கு முன் உட்காரவைத்துச் சில வேலைகள் வாங்கினேன். மற்ற வாசகர்களுக்காக அவற்றைச் சொல்கிறேன். முதலில் மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பார்க்கச் சொன்னேன். நலமான நாயின் ஈறு ரோஜா நிறத்தில், ஈரமாக இருக்கும். விரலால் அழுத்தினால் வெளுத்து, எடுத்த இரண்டு வினாடிக்குள் பழைய நிறம் திரும்பும். வீரனின் ஈறு "கொஞ்சம் மங்கல்" என்றீர்கள். அடுத்தது காய்ச்சல். உங்கள் பேரக்குழந்தைக்கு வாங்கிவைத்திருந்த டிஜிட்டல் தெர்மாமீட்டரின் நுனியில் தேங்காய் எண்ணெய் தடவி, ஆசனவாயில் ஒரு அங்குலம் வைத்துப் பார்த்தோம். 104.2 காட்டியது. நாயின் இயல்பான வெப்பநிலை 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். நமக்கு 101 காய்ச்சல். அதற்கு அது சாதாரணம். மூக்கு ஈரமாக இருந்தால் காய்ச்சல் இல்லை என்று பலரும் நம்புகிறார்கள். மூக்கை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். மூன்றாவதாக, கால் விரல்களின் இடுக்கிலும் காது மடலுக்குள்ளும் விரலை விட்டுத் தடவச் சொன்னேன். "அம்மா, மிளகு மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது" என்றீர்கள். அத்தோடு மறுநாள் காலை வரை காத்திருக்க வேண்டாம், இன்றே கிளம்புங்கள் என்று சொல்லிவிட்டேன்.

அது உண்ணி. காதில் ஊசியால் குத்தி எடுத்த ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து நுண்ணோக்கியில் பார்த்ததும், அடுத்து வந்த இரத்தப் பரிசோதனையும் எர்லிக்கியா என்ற கிருமியைச் சொல்லின. ஊரில் உண்ணிக் காய்ச்சல் என்கிறோமே, அதில் இது ஒரு வகை. பேபீசியா இன்னொன்று, அது இரத்தச் சிவப்பணுக்களை உடைப்பதால் சிறுநீர் காப்பித் தண்ணீர் போல் போகலாம். எர்லிக்கியா வெள்ளணுக்களுக்குள் குடியேறும்; இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் எண்ணிக்கையைச் சரித்துவிடும். உண்ணி கடித்து ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வரும். அப்படியானால், வீரன் உங்கள் மகளின் மடியில் தலைவைத்துப் படுத்திருந்த நாட்களிலேயே கிருமி உள்ளே போயிருக்கிறது. அவள் வீட்டிலேயே இருந்திருந்தாலும் அவன் ஏறக்குறைய இதே நாளில்தான் வட்டிலைத் தள்ளியிருப்பான். இதை அவளிடம் நானே சொன்னேன். படிப்பை விட்டு வர வேண்டிய தேவை இல்லை என்பதையும் சொன்னேன்.

என் சொந்த வீட்டு விஷயம் ஒன்றை எழுத வேண்டியிருக்கிறது. என் அம்மா காலமானபோது எங்களிடம் மணி என்ற நாட்டு நாய் இருந்தது. அப்போது அதற்கு ஒன்றரை வயது. அம்மாவின் சாய்வு நாற்காலிக்குக் கீழேதான் எப்போதும் கிடக்கும். அம்மா போன பிறகு அங்கிருந்து அது எழவில்லை. சோற்றைத் தொடவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாம் அதைப் பார்த்துக் கண் கலங்கினார்கள். நானும் கலங்கினேன். "வாயில்லா ஜீவனுக்கு எவ்வளவு பாசம்" என்று வந்தவர்களிடம் நானே சொன்னேன். அப்போது அரசுக் கால்நடை மருந்தகத்தில் எனக்கு இருபது ஆண்டு அனுபவம். ஒருமுறை கூட அதன் உதட்டைத் தூக்கிப் பார்க்கவில்லை. ஐந்தாம் நாள் விடியற்காலையில் சிவப்புச் சிமென்டுத் தரையில் கோலப் புள்ளி வைத்தது போல் வரிசையாக ஈரச் சொட்டுகள். விரலால் தொட்டுப் பார்த்த பிறகுதான் இரத்தம் என்று தெரிந்தது. மூக்கிலிருந்து வடிந்துகொண்டிருந்தது.

வியட்நாம் போரில் அமெரிக்கப் படையின் நாய்கள் நூற்றுக்கணக்கில் மூக்கில் இரத்தம் வடிந்து மாண்டன. எங்கள் பாடத்தில் அது இருந்தது, மாணவியாக நான் மனப்பாடம் செய்தது. அதே நோய். மணி பிழைத்தது. ஆனால் கண்ணுக்குள் கசிந்த இரத்தத்தால் இடது கண் பார்வை போய்விட்டது. அதற்குப் பிறகு பதினோரு ஆண்டு எங்களோடு இருந்தது. அத்தனை ஆண்டும் அதன் தட்டை வலது பக்கமாகவே வைத்தேன். அந்த ஐந்து நாளும் நான் அதன் துக்கத்தைத்தான் பார்த்தேன். அது என் துக்கம். ஏக்கம் என்ற சொல்லைக் கேட்டாலே இன்று எனக்குப் பதறுவது அதனால்தான்.

நாய்க்கு ஏக்கம் கிடையாது என்று நான் சொல்லவில்லை. உண்டு. கூட வளர்ந்த நாய் செத்தால், வீடு மாறினால், வளர்த்தவர் ஊருக்குப் போனால் உணவு குறையும். ஆனால் ஏங்கும் நாய் ஒரு வேளை, இரண்டு வேளை தள்ளும். வீடு அடங்கிய பிறகு இரவில் வந்து பாதியைத் தின்னும். சங்கிலியை எடுத்தால் எழுந்து வரும். காய்ச்சல் இருக்காது, ஈறு வெளுக்காது. உடம்பில் ஒன்றும் இல்லை என்று பார்த்த பிறகே அந்த முடிவுக்கு வரலாம். வளர்ந்த நாய் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் சோர்ந்தும் இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். நீங்கள் மூன்று நாள் காத்திருந்தீர்கள். குறை சொல்லவில்லை, நானே ஐந்து நாள் இருந்தவள்.

இனி சிகிச்சை. டாக்சிசைக்ளின் மாத்திரை 28 நாள். மூன்றாம் நாளே வீரன் எழுந்து வட்டிலை நக்கினான் என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்க அவ்வளவு மகிழ்ச்சி. ஆனால் இந்த இடத்தில்தான் பெரும்பாலானவர்கள் மாத்திரையை நிறுத்துகிறார்கள். தயவுசெய்து நிறுத்தாதீர்கள். கிருமி மண்ணீரலில் பதுங்கியிருந்து மாதங்கள் கழித்து முன்னைவிடக் கொடூரமாக வரும். மாத்திரையை வெறும் வயிற்றில் கொடுக்க வேண்டாம். கொடுத்தபின் இரண்டு கவளம் சோறோ கொஞ்சம் தண்ணீரோ உள்ளே போகட்டும். உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் அந்த இடம் புண்ணாகிவிடும். பாலோடு மட்டும் வேண்டாம். மருந்தின் வேகத்தைப் பால் குறைத்துவிடும்.

காய்ச்சல் என்றதும் வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலைப் பொடித்துப் போடலாமா என்று உங்கள் கணவர் கேட்டார். கூடவே கூடாது. அது நாயின் ஈரலையும் இரத்தத்தையும் கெடுக்கும். இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் இன்னும் மோசம். இரைப்பையைப் புண்ணாக்கி இரத்தம் கசியவைக்கும். தட்டணுக்கள் ஏற்கெனவே சரிந்து கிடக்கும் நாய்க்கு அப்படிக் கசிந்தால் எங்கே போய் நிற்கும் என்று எண்ணிப்பாருங்கள்.

சங்கில் பால் புகட்டுவது போல் வாயைப் பிளந்து கஞ்சி ஊற்றியிருக்கிறீர்கள். அன்பினால் செய்ததுதான். ஆனால் சோர்ந்த நாய்க்கு அது நுரையீரலுக்குள் போய்விடும். பிறகு காய்ச்சலோடு நிமோனியாவும் சேரும். நன்றாகக் குழைந்த சோற்றில் எலும்பு எடுத்த கோழியை உதிர்த்துப் போட்டு, வெதுவெதுப்பாக, உங்கள் உள்ளங்கையில் வைத்து நீட்டுங்கள். சூடு இருந்தால் வாசனை எழும். நாய்க்குப் பசியைத் தூண்டுவது வாசனைதான். வெங்காயம், பூண்டு, மசாலா வேண்டாம். கறிக்குழம்பு வைத்தது தவறு; வெங்காயம் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும்.

உண்ணியைப் பற்றி ஒரு வார்த்தை. நாயின் மேல் கண்ணுக்குத் தெரிவது சொற்பம். இரத்தம் குடித்துப் பருத்த பெண் உண்ணி கீழே இறங்கிச் சுவர் விரிசலிலும் கதவு நிலையின் இடுக்கிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். உணவே இல்லாமல் மாதக்கணக்கில் உயிரோடு காத்திருக்கும். ஆகவே மகளின் கட்டிலை நகர்த்தி, சுவர் விரிசல்களைச் சிமென்டு வைத்து அடையுங்கள். நாய்க்கு என்று எழுதியிருக்கும் மருந்தை, அதன் எடைக்குத் தகுந்தாற்போல், மருத்துவரிடம் கேட்டு மட்டும் போடுங்கள். மண்ணெண்ணெய் தடவுவதும், சூடத்தைத் தேங்காய் எண்ணெயில் கரைத்துப் பூசுவதும் நம் பக்கம் வழக்கமாக இருக்கிறது. நாய் நக்காமல் இருக்காது, இரண்டும் விஷம். மாட்டுக்கு அடிக்கும் உண்ணி மருந்தைக் கண்ணளவில் கலந்து குளிப்பாட்டி, அதனாலேயே மயங்கிச் சாப்பிடாமல் கிடந்த நாய்களை என் பணிக்காலத்தில் எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

மகள் விடுமுறைக்கு வரும்வரை அவள் போட்டுக் கழற்றிய துப்பட்டா ஒன்றைத் துவைக்காமல் வீரனின் சாக்கின் மேல் போடுங்கள். அதற்கு நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

கேள்வி: எழுபது நாள் லேப்ரடார் குட்டி வாங்கி எட்டு நாள் ஆகிறது. விற்றவர், "முதல் ஊசி போட்டாயிற்று, பயமில்லை" என்றார். நேற்று மாலையிலிருந்து சாப்பிடவில்லை. இன்று காலை இரண்டு முறை மஞ்சள் நுரையாக வாந்தி எடுத்தது. பூச்சியாக இருக்கும், பூச்சி மருந்து கொடுத்துவிட்டு ஒரு நாள் பார்க்கலாம் என்று என் மாமனார் சொல்கிறார். பார்க்கலாமா?
— வாசகர், சென்னை

பதில்: பார்க்கக் கூடாது, தம்பி. மூன்று மாதத்துக்குள் இருக்கும் குட்டிக்கு அரை நாள் பட்டினியே அதிகம். அதன் ஈரலில் சர்க்கரைச் சேமிப்பு சொற்பம். இரத்தத்தில் சர்க்கரை இறங்கினால் தள்ளாடும், வலிப்பு வரும். வாந்தியும் சேர்ந்துவிட்டால் மருத்துவமனைக்குப் போகும் வழியில் ஈறில் கொஞ்சம் தேன் தடவுவதைத் தவிர வீட்டில் செய்ய வேறொன்றும் இல்லை. வாந்தி எடுக்கும் குட்டிக்குப் பூச்சி மருந்தை ஊற்றுவது வாந்தியைத்தான் கூட்டும். அன்று காலையே உங்களை அனுப்பியது, குட்டிகளின் குடலைத் தாக்கும் பார்வோ என்ற வைரஸ் நோயாக இருக்குமோ என்ற சந்தேகத்தில். மலத்தைச் சோதித்ததில் அதுவேதான்.

1978-இல்தான் உலகம் இந்த நோயை அடையாளம் கண்டது. 80-களின் தொடக்கத்தில் அது சென்னைக்கு வந்து சேர்ந்தபோது நான் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் மாணவி. காலையில் வாலாட்டிய குட்டி என்று துண்டில் சுற்றிக்கொண்டு வருவார்கள். மாலைக்குள் வெறும் துண்டோடு போவார்கள். அறை முழுக்க ஒரு வாடை இருக்கும். இரத்தக் கழிச்சலின் வாடை. ஒருமுறை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். தடுப்பூசி பரவலான பிறகு அந்த வரிசை குறைந்தது. இன்றும் அந்த வரிசையில் நிற்பவர்களில் பலர் உங்களைப் போல "முதல் ஊசி போட்டாயிற்று" என்று கேள்விப்பட்டவர்கள்.

ஒரு ஊசி ஏன் போதவில்லை? தாயின் சீம்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் இரத்தத்தில் இருக்கும்வரை அது தடுப்பூசியையும் சேர்த்து முறியடித்துவிடும். அது எந்த வாரம் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில், பதினாறு வாரம் நிறையும்வரை திரும்பத் திரும்பப் போடுகிறோம். கடைசி ஊசி முடிந்து இரண்டு வாரம் ஆகும்வரை குட்டியைப் பூங்காவிலும் தெருமுனையிலும் இறக்கிவிட வேண்டாம்.

உங்கள் குட்டி ஐந்து நாள் சலைன் ஏறி, வாந்தி நின்று, இப்போது வேகவைத்த கோழியைச் சிறிது சிறிதாகத் தின்கிறது என்ற செய்தி வந்தது. வைரஸைக் கொல்லும் மருந்து கிடையாது. உடம்பில் நீர் வற்றாமல் பிடித்து வைத்தால் குட்டி தானே போராடி மீளும். அதனால்தான் முதல் அரை நாள் அவ்வளவு பெரிது. நீங்கள் மாமனாரின் பேச்சை மீறிக் கிளம்பினீர்கள். அவரும் கூடவே வண்டியில் ஏறிக் குட்டியை மடியில் வைத்துக்கொண்டார் என்று சொன்னீர்கள். அவருக்கு என் வணக்கம்.

வீட்டைக் கழுவ வழக்கமான பினாயில் உதவாது. துணி வெளுக்கும் ஹைப்போகுளோரைட் திரவத்தை முப்பது பங்கு தண்ணீரில் ஒரு பங்கு கலந்து, முதலில் தரையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, பிறகு ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். மண்ணில் இந்த வைரஸ் ஓர் ஆண்டு வரைகூட இருக்கும். உங்கள் குடியிருப்பில் வேறு யாராவது குட்டி வாங்குவதாக இருந்தால் அவர்களிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் ஐந்து மாத நாட்டு நாய் இரண்டு நாளாகச் சோற்றை மோந்துவிட்டுப் போய்விடுகிறது. ஆனால் பிஸ்கட் தின்கிறது, ஓடி விளையாடுகிறது, செருப்பையெல்லாம் கடித்து வைக்கிறது. கயிற்றில் இலேசாக இரத்தக் கறை இருந்தது. பயமாக இருக்கிறது.
— பள்ளி மாணவி, தஞ்சாவூர்

பதில்: கண்ணு, கறையைக் கவனித்தாயே, அது நல்ல பழக்கம். உன் நாய்க்குப் பல் மாறுகிறது. 28 பால் பற்கள் விழுந்து 42 நிரந்தரப் பற்கள் முளைக்கும் காலம் இது. நான்காம் மாதம் தொடங்கி ஆறு, ஏழு மாதத்தில் முடியும். ஈறு வலிக்கும்போது கடித்துத் தின்னும் சோற்றைத் தள்ளும். குழைய வேகவைத்துக் கொடு. சுத்தமான துணியை நனைத்து முறுக்கிக் குளிர்பெட்டியில் வைத்து, நீ பக்கத்தில் இருக்கும்போது மட்டும் கடிக்கக் கொடு. ஏழு மாதத்துக்குப் பிறகும் பால் கோரைப்பல் விழாமல் புதுப்பல்லோடு சேர்ந்து நின்றால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பிஸ்கட்டை நிறுத்திவிடு. வயிறு அதிலேயே நிறைந்துவிடுகிறது. தட்டை வைத்துக் கால் மணி நேரம் பார்; தொடாவிட்டால் எடுத்து வைத்துவிட்டு அடுத்த வேளைக்குக் கொடு. ஓடியாடும் நாய்க்கு மட்டும்தான் இந்தக் கண்டிப்பு. ஒருவேளை வாந்தி எடுத்து, மலமும் போகாமல், வயிற்றைத் தொட்டால் முனகினால், அது பல் விஷயம் இல்லை. மாம்பழ நாட்களில் கொட்டையை முழுதாக விழுங்கிக் குடல் அடைத்து வரும் நாய்களுக்கு அறுவை சிகிச்சை செய்துதான் எடுக்க வேண்டியிருக்கிறது. உங்கள் வீட்டுக் குப்பைக்கூடைக்கு ஒரு மூடி வாங்கச் சொல்.

கேள்வி: ஐந்து வாரத்துக்கு முன் தெருவிலிருந்து எடுத்து வந்த குட்டி. நான்கு மாதம் இருக்கும். தடுப்பூசி எதுவும் போடவில்லை. இரண்டு நாளாகத் தட்டுக்கு வருகிறது, வாய் வைக்கிறது, விழுங்க முடியவில்லை. கீழ்த்தாடை தொங்குகிறது, எச்சில் ஒழுகுகிறது, குரலும் மாறியிருக்கிறது. எலும்பு சிக்கியிருக்கும் என்று அப்பா விரலை விட்டுத் தேடினார், ஒன்றும் அகப்படவில்லை. தொண்டைக்கு ஏதாவது மருந்து உண்டா?
— வாசகர், திண்டுக்கல்

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்து முடிக்கும் முன்பே தொலைபேசியை எடுத்துவிட்டேன். பசி இருந்தும் விழுங்க முடியாமை, தொங்கும் தாடை, மாறிய குரல், ஊசி போடாத தெருக்குட்டி. இவை சேர்ந்து வந்தால், வேறொன்று என்று நிரூபணம் ஆகும்வரை அது வெறிநாய்க்கடி நோய்தான். சீறிக்கொண்டு துரத்தும் நாயைத்தான் நாம் வெறிநாய் என்று நினைக்கிறோம். சீறாமல், கடிக்காமல், மூலையில் சோர்ந்து கிடக்கும் வகையும் உண்டு. அது அதிக ஆபத்து. இரக்கப்பட்டு அருகில் போவோம். எலும்பு சிக்கியது போலவே தோன்றும். எச்சில் ஒழுகும் நாயின் வாய்க்குள் யாரும் கையை விடாதீர்கள். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதுவேன்.

அப்பாவின் விரலில் முள்வேலி கிழித்த பழைய கீறல் இருப்பதாகச் சொன்னீர்கள். கீறலில் எச்சில் பட்டால் கடிபட்டதற்குச் சமம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவவைத்து, அன்று இரவே அரசு மருத்துவமனைக்கு அனுப்பினேன். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வைக்கக் கூடாது. காயத்துக்குள்ளும் சுற்றியும் போடும் எதிர்ப்புப்புரத ஊசியும் தடுப்பூசியும் சேர்த்துப் போட்டார்கள். குட்டியைக் கொஞ்சிய உங்கள் தங்கைக்கும், தட்டு கழுவிய அம்மாவுக்கும் மருத்துவர் விசாரித்து ஊசி தொடங்கினார். நாய்க்கு என்ன ஆகிறது என்று பார்த்துவிட்டு ஊசி போட்டுக்கொள்ளலாம் என்று அப்பா சொன்னாராம். அறிகுறி வந்த பிறகு மனிதர்களைக் காப்பாற்ற மருந்து இல்லை. காத்திருக்க இதில் இடமே கிடையாது.

குட்டி மூன்றாம் நாள் இறந்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். தெருவில் யாருமில்லாமல் கிடந்ததை எடுத்து ஐந்து வாரம் மடியில் வைத்திருந்தீர்கள். அதற்காக வருந்த வேண்டாம். அடுத்த முறை குட்டி எடுத்தால் முதல் வேலையாக மருத்துவரிடம் கொண்டுபோய், மூன்று மாதம் ஆனதும் வெறிநாய்க்கடி ஊசி போடுங்கள்.

முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள் ஊசிகள் முடிந்துவிட்டன என்று தங்கை சொன்னாள். உங்கள் அப்பாவுக்கு 28-ஆம் நாள் ஊசி இன்னும் பாக்கி இருக்கிறது. அன்று சந்தை நாள் என்று தள்ளிப்போட விடாதீர்கள். நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள்.